கால் விட்டு விட்டு வருது, ஸ்பீடு டெஸ்ட் மட்டும் சூப்பர்: ஆபீஸ் ஸ்விட்ச்சில் யாருக்கு முதல் வரிசை?

காலை 11 மணி. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஹெட்போன் மாட்டிய ஊழியர் ஒருவர் மூன்றாவது முறையாகக் கேட்கிறார்: "சார், நான் பேசறது கேக்குதா?" எதிர்முனையில் இருப்பவருக்குப் பாதி வார்த்தைதான் போய்ச் சேருகிறது. கடுப்பாகி அவர் போனை வைத்துவிடுகிறார்.

ஐ.டி. பிரிவுக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து ஒருவர் வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்க்கிறார். 200 எம்பிபிஎஸ். "நெட் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இணைய நிறுவனத்திடம் இன்னும் பெரிய பிளான் வாங்கலாம் என்று மேலாளர் முடிவெடுக்கிறார். பில் கூடுகிறது. அடுத்த வாரமும் 11 மணிக்கு அதே "ஹலோ... ஹலோ..."

இப்படி நடக்காத அலுவலகம் குறைவு. மாத முடிவில் அந்த ஊழியரின் கால் தர மதிப்பெண் குறைகிறது. குரல் உடைந்த இடம் பெரும்பாலும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத, சுவர் ஓரத்து ரேக்கில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச். அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

அந்த ஸ்விட்ச்சுக்குள் எந்த டேட்டா முதலில் போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்த முடியும். இதற்கு க்யூஓஎஸ் என்று பெயர். மேனேஜ்டு ஸ்விட்ச் என்று விற்கப்படும் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. பணம் கொடுத்து வாங்கியாச்சு, ஆனால் பெரும்பாலும் தொடப்படுவதே இல்லை. தொடும்போதும், 'யாருக்கு முன்னுரிமை' என்ற கேள்வியை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை.

நெரிசல் எங்கே?

24 போர்ட் கொண்ட ஒரு ஸ்விட்ச்சை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு போர்ட்டும் 1 ஜிபிபிஎஸ். இந்த 24 போர்ட்டும் மாடிக்கோ, சர்வர் அறைக்கோ போகும் ஒரே ஓர் அப்லிங்க் கேபிளில் போய்ச் சேருகின்றன. அதுவும் 1 ஜிபிபிஎஸ்தான். 24 வழிச் சாலை ஒரு வழிச் சாலையில் முடிவது மாதிரி.

சாதாரண நேரத்தில் பிரச்சினை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் அனுப்பமாட்டார்கள். ஆனால் 11 மணிக்கு பேக்கப் ஓட ஆரம்பிக்கிறது. வடிவமைப்புப் பிரிவிலிருந்து பெரிய ஃபைல்கள் சர்வருக்குப் போகின்றன. நாலைந்து கம்ப்யூட்டர் சேர்ந்தாலே அப்லிங்க் நிரம்பிவிடும். வெளியே போக முடியாத பாக்கெட்டுகள் ஸ்விட்ச்சின் பஃபர் நினைவகத்தில் வரிசை கட்டி நிற்கும். பஃபரும் நிரம்பினால் அடுத்து வரும் பாக்கெட் டிராப் ஆகிவிடும். அது பேக்கப்பா, ஒருவரின் குரலா என்று ஸ்விட்ச்சுக்குத் தெரியாது. முதலில் வந்தது முதலில் போகும், இடமில்லாதது தொலையும்.

ஃபைல் பாக்கெட் தொலைந்தால் டிசிபி அதை மறுபடி அனுப்பிவிடும். ஃபைல் சில நொடி தாமதமாக முடியும், அவ்வளவுதான். குரல் அப்படி அல்ல. பரவலாகப் பயன்படும் ஜி.711 முறையில் ஒரு விநாடிப் பேச்சு 50 பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் 20 மில்லி விநாடிப் பேச்சு. தொலைந்ததை மறுபடி அனுப்பினாலும் அது வந்து சேருவதற்குள் பேச்சு நகர்ந்துவிடும். அடுத்தடுத்து ஏழெட்டு பாக்கெட் போனால் ஓர் அசையே போய்விடும். 'வேண்டாம்' என்பது 'வேண்' என்று கேட்கும்.

தாமதமும் ஒரு சிக்கல். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்குள் ஆனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது ஐடியு அமைப்பின் ஜி.114 பரிந்துரை. பழைய 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்றில் 1.5 மெகாபைட் டேட்டா வரிசையில் நின்றால், அது காலியாகவே 120 மில்லி விநாடி ஆகும். மொத்த அவகாசத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு ஸ்விட்ச் தின்றுவிடுகிறது.

கிராஃப் ஏன் பச்சையாகவே இருக்கிறது?

"அப்லிங்க் 10 சதவீதம்தான் ஓடுது, நெரிசலே இல்லை" என்று ஐ.டி. பிரிவு சொன்னால் அவர்கள் பொய் சொல்லவில்லை. பல கண்காணிப்பு மென்பொருள்கள் 5 நிமிட சராசரியைத்தான் காட்டும். 300 விநாடியில் 30 விநாடி மட்டும் இணைப்பு முழுக்க நிரம்பி, மீதி நேரம் சும்மா இருந்தால் கிராஃபில் 10 சதவீதம் என்றே வரும். ஆனால் அந்த 30 விநாடியில் பேசிக்கொண்டிருந்தவரின் அழைப்பு உடைந்திருக்கும்.

ஸ்பீடு டெஸ்ட்டும் இதைக் காட்டாது. நெரிசல் இல்லாத நேரத்தில் போட்டால் நல்ல எண்தான் வரும். பார்க்க வேண்டியது அப்லிங்க் போர்ட்டின் டிராப் கணக்கு. அது எகிறிக்கொண்டே போனால் அந்த வாசலில் நெரிசல் என்று அர்த்தம்.

சிறப்பு தரிசன வரிசை

க்யூஓஎஸ் என்ன செய்கிறது என்பதைப் பெரிய கோயிலில் நின்றவர்கள் சட்டெனப் புரிந்துகொள்வார்கள். பொது தரிசன வரிசை ஒன்று, சிறப்பு தரிசன வரிசை ஒன்று. சிறப்பு வரிசை வைத்ததால் சன்னதி பெரிதாவதில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே போக முடியுமோ அத்தனை பேர்தான். சிலர் சீக்கிரம் போகிறார்கள். அதனால் மற்றவர்கள் கூடுதலாக நிற்கிறார்கள்.

க்யூஓஎஸ்ஸும் ஒரு பிட் பேண்ட்வித்தைக்கூடப் புதிதாக உருவாக்காது. யார் காத்திருப்பது என்பதை மட்டும் அது மாற்றும். ஆகவே, "இதற்கு முன்னுரிமை கொடு" என்று யாராவது சொன்னால், "எதைக் காத்திருக்கச் சொல்லலாம்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

வேலை மூன்று கட்டமாக நடக்கிறது.

முதலாவது, சீட்டு ஒட்டுவது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அது எந்த வகை என்று ஓர் எண் எழுதப்படுகிறது. ஈதர்நெட் அளவில், விலேன் டேக் எனப்படும் 802.1க்யூ பகுதியில் இதற்கு 3 பிட் இடம். 0 முதல் 7 வரை 8 வகுப்புகள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1 என்ற எண், 0-வை விடக் கீழ். 0 சாதாரணம், 1 என்பது 'அவசரமே இல்லை, ஓரமா போ'. இது தெரியாமல் முக்கியமான ஒன்றுக்கு 1 கொடுத்துவிட்டு, ஏன் இன்னும் மெதுவாகிறது என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. ஐபி அளவில் டிஎஸ்சிபி என்ற 6 பிட் இடம். 0 முதல் 63 வரை. 1998-ல் இதன் அடிப்படை வரையறுக்கப்பட்டது. குரலுக்கு வழக்கமான எண் 46. வீடியோ காலுக்கு 34. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்கூட ஆடியோவுக்கு 46, வீடியோவுக்கு 34, திரைப் பகிர்வுக்கு 18 என்றுதான் பரிந்துரைக்கிறது.

இரண்டாவது, சீட்டை நம்புவதா என்று முடிவெடுப்பது. இது பெரும்பாலும் கோட்டை விடப்படும் இடம். 46 என்ற எண்ணை எந்தக் கம்ப்யூட்டரும் தன் பாக்கெட்டில் எழுதிக்கொள்ளலாம். டவுன்லோடு செய்யும் மென்பொருள் ஒன்று தன்னைக் 'குரல்' என்று சொல்லிக்கொண்டால், நம்பும் ஸ்விட்ச் அதை முன்னால் அனுப்பிவிடும். அதனால் ஐபி போன் தரும் சீட்டை நம்பலாம். மேசைக் கம்ப்யூட்டர் தரும் சீட்டை நம்பாமல், எந்த போர்ட் எண்ணிலிருந்து வருகிறது, எந்த விலேனிலிருந்து வருகிறது என்று பார்த்து ஸ்விட்ச்சே புதிதாகச் சீட்டு எழுத வேண்டும். வாசலில் ஒரு முறை சரிபார்த்தால் போதும். உள்ளே இருக்கும் மற்ற ஸ்விட்ச்சுகள் அந்தச் சீட்டை நம்பி நடக்கலாம்.

மூன்றாவது, வரிசையில் நிறுத்துவது. ஒரு போர்ட்டில் பொதுவாக 4 அல்லது 8 க்யூக்கள் இருக்கும். ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டி முறையில், முதல் க்யூவில் ஒரு பாக்கெட் இருந்தாலும் அது போன பிறகே மற்றவை. வெயிட்டட் ரவுண்ட் ராபின் முறையில், ஒவ்வொரு க்யூவுக்கும் ஒரு பங்கு. முறை வைத்துப் போகும். நடைமுறையில் குரலுக்கு மட்டும் முதல் முறை, மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாவது முறை என்று கலந்து வைப்பதே வழக்கம்.

எல்லோரும் விஐபி ஆனால்?

ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டியில் ஆபத்தும் இருக்கிறது. முதல் க்யூ எப்போதும் நிரம்பியே இருந்தால் கடைசி க்யூவுக்கு வாய்ப்பே வராது. மின்னஞ்சல் நிற்கும், பில்லிங் மென்பொருள் நிற்கும். ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கட்டுப்பாட்டுத் தகவலும் இதில் மாட்டிக்கொண்டால் நெட்வொர்க்கே ஆட்டம் காணும். அதனால்தான் முதல் க்யூவுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். இணைப்பின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள் என்பது சிஸ்கோவின் வடிவமைப்பு வழிகாட்டிகளில் நெடுநாளாக இருக்கும் ஆலோசனை.

குரலுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படாது. ஜி.711 அழைப்பு ஒன்று ஈதர்நெட்டில் ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட் எடுக்கும். 50 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 4.4 எம்பிபிஎஸ்தான். 1 ஜிபிபிஎஸ் அப்லிங்க்கில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. அந்த அரை சதவீதத்துக்கு வழிவிட்டால் பேக்கப் தாமதமாவதை யாராலும் கண்டுபிடிக்கக்கூட முடியாது. இவ்வளவு சின்ன இடத்தை ஒதுக்காமல் விட்டதால்தான் ஒருவரின் குரல் உடைகிறது, அவரது மதிப்பெண்ணும் குறைகிறது என்றால், அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்பதைவிடக் கவனிப்பாரற்ற நிலை என்பதே சரி.

பட்டியலை யார் எழுதுவது?

பல அலுவலகங்களில் முன்னுரிமைப் பட்டியல் இரண்டு வழிகளில் உருவாகிறது. ஒன்று, ஸ்விட்ச்சை நிறுவ வந்தவர் போட்டுவிட்டுப் போன செட்டிங். இன்னொன்று, யார் சத்தமாகப் புகார் சொன்னார்களோ அவர்களுக்கு ஒரு விலக்கு. எம்.டி.யின் லேப்டாப்புக்கு முன்னுரிமை, பிறகு நிதித் துறைத் தலைவருக்கு, பிறகு மீட்டிங் ரூமுக்கு. ஆறு மாதத்தில் பாதி அலுவலகம் விஐபி. சிறப்பு வரிசையின் நீளம் பொது வரிசையைத் தாண்டிவிடும்.

பதவியைப் பார்த்துக் கொடுக்கப்படும் முன்னுரிமை தொழில்நுட்ப ரீதியாகவே தப்பு. எம்.டி.யின் லேப்டாப்பிலிருந்து அவர் பேசும் அழைப்பும் போகும், விண்டோஸ் அப்டேட்டும் போகும். லேப்டாப் முழுவதற்கும் முதல் வரிசை கொடுத்தால், அந்த அப்டேட் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருப்பவரின் குரலோடு ஒரே க்யூவில் மோதும். வேலையின் தன்மையைப் பார்த்துக் கொடுத்தால், எம்.டி.யின் அழைப்பும் சேவைப் பிரிவு ஊழியரின் அழைப்பும் ஒரே மரியாதையுடன் போகும். இருவரின் அப்டேட்டும் ஒரே மாதிரி காத்திருக்கும்.

ஒவ்வொரு வகை டேட்டாவுக்கும் மூன்று கேள்விகள் கேட்டால் பட்டியல் தானாக வந்துவிடும். கால் விநாடி தாமதமானால் யாருக்கு என்ன நஷ்டம்? சில பாக்கெட்டுகள் தொலைந்தால் சரிசெய்துகொள்ளுமா? அதிகபட்சம் எவ்வளவு இடம் கேட்கும்?

குரல்: தாமதமும் கூடாது, இழப்பும் கூடாது, இடம் மிகக் குறைவு. முதல் க்யூ, உச்சவரம்புடன். வீடியோ கால்: தாமதம் கூடாது, ஆனால் ஒவ்வொன்றும் சில எம்பிபிஎஸ் கேட்கும். தனிப் பங்கு, முதல் க்யூவில் குரலோடு சேர்க்கக் கூடாது. சிசிடிவி: நாள் முழுக்க ஒரே சீராக ஓடும். உறுதியான ஒரு பங்கு போதும். பில்லிங், மின்னஞ்சல், இணையம்: சாதாரணம். பேக்கப், அப்டேட், பெரிய ஃபைல் நகல்: எல்லோரும் போன பிறகு மிச்சமிருக்கும் இடம்.

கடைசி வகையைத்தான் முதலில் செய்ய வேண்டும். பத்துப் பேரை மேலே தூக்கிவிடுவதைவிட, அவசரமில்லாத ஒன்றைப் பின்னால் நிற்கச் சொல்வது எளிது. அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். பேக்கப்புக்கு 8 என்ற டிஎஸ்சிபி எண்ணைக் கொடுத்துக் கீழ் க்யூவில் விடலாம். இன்னும் சுலபமான வழி, அதன் நேரத்தையே ராத்திரிக்கு மாற்றுவது. ஸ்விட்ச்சைத் தொடவே வேண்டியதில்லை.

'கேபிளை மாத்தினா போதாதா?'

க்யூஓஎஸ் வேண்டாம் என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அப்லிங்க்கை 1-லிருந்து 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு உயர்த்தினால் நெரிசலே வராமல் போகலாம். நிரம்பாத இணைப்பில் க்யூஓஎஸ்ஸுக்கு வேலையும் இல்லை. ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் விதி எழுதிப் பராமரிப்பது தலைவலி. எழுதியவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவருக்கு அது புதிர்.

தப்பாகப் போட்டால் இருந்ததும் கெடும் என்பதும் உண்மை. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 போன்ற பழைய ஸ்விட்ச்சுகளில் க்யூஓஎஸ்ஸை 'ஆன்' மட்டும் செய்துவிட்டு, எந்த போர்ட்டை நம்பலாம் என்று சொல்லாமல் விட்டால், அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த 46 என்ற சீட்டை ஸ்விட்ச் அழித்து 0 ஆக்கிவிடும். முன்னுரிமை கொடுக்கப் போய், இருந்த முன்னுரிமையும் போச்சு.

அதனால் வரிசைக்கிரமம் முக்கியம். முதலில் கேபிள் பழுது, டூப்ளெக்ஸ் பொருத்தமின்மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போர்ட்டில் சிஆர்சி பிழைகள் ஏறினால் எந்த முன்னுரிமையும் காப்பாற்றாது. அடுத்து பேக்கப் நேரம். அதன் பிறகு, வசதி இருந்தால் அப்லிங்க். இவ்வளவுக்குப் பிறகும் டிராப் இருந்தால் க்யூஓஎஸ். அதையும் ஒரே ஒரு ஸ்விட்ச்சில், பழைய செட்டிங்கைச் சேமித்துவிட்டு, போடுவதற்கு முன்னும் பின்னும் டிராப் கணக்கை எழுதிவைத்துச் செய்ய வேண்டும்.

ஆனால் "பெரிய கேபிள் போதும்" என்பது கட்டடத்துக்குள் மட்டுமே செல்லும் வாதம். உள்ளே 1 ஜிபிபிஎஸ், வெளியே இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால் உண்மையான குறுகல் வாசலில் இருக்கும் ஃபயர்வாலில்தான். அங்கே அனுப்பும் வேகத்தை 95 எம்பிபிஎஸ் போலச் சற்றுக் குறைத்து வைத்தால், வரிசை இணைய நிறுவனத்தின் கருவியில் நிற்காமல் அலுவலகத்தின் கையிலேயே நிற்கும். குரலை முன்னால் விட முடியும். பொது இணையத்தில் ஏறிய பிறகு 46 என்ற சீட்டை யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

வைஃபையில் இன்னொரு பொறி. அங்கே குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நான்கு வகுப்புகள். 46-ன் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்தால் 5 வரும். வைஃபையில் 5 என்பது வீடியோ வகுப்பு. சரியாக மாற்றிப் பொருத்தாவிட்டால், கேபிளில் முதல் வரிசையில் வந்த குரல் வைஃபையில் இரண்டாம் வரிசைக்கு இறங்கிவிடும்.

நெட் நியூட்ராலிட்டிக்கு இது எதிரானதா?

எல்லா டேட்டாவும் சமம் என்பதற்காகத்தானே இந்தியாவில் அவ்வளவு பெரிய விவாதம் நடந்தது என்று சிலர் கேட்கலாம். 2016 பிப்ரவரியில் டிராய் அமைப்பு, உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று தடை விதித்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு நெட் நியூட்ராலிட்டி கொள்கையை ஏற்றது. இவை இணையச் சேவை நிறுவனங்களைக் கட்டுப்படுத்துபவை. தன் கட்டடத்துக்குள் எந்த பாக்கெட் முதலில் போக வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் உரிமை.

உரிமை இருக்கிறது என்பதற்காக இருட்டில் முடிவெடுக்க வேண்டியதில்லை. அந்த விவாதத்தின் அடிப்படைக் கேள்வி அலுவலகத்துக்கும் பொருந்தும்: யாரைக் காத்திருக்க வைக்கிறோம் என்பதை, காத்திருப்பவருக்குத் தெரியாமல் முடிவு செய்யலாமா? முன்னுரிமைப் பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. அதை எழுதி, பிரிவுத் தலைவர்களிடம் காட்டி, வருடத்துக்கு ஒரு முறை திருத்தினால் போதும். பதவிக்கான விலக்கு எதுவும் அதில் இருக்கக் கூடாது. இருந்தால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதச் சொன்னாலே பாதி விலக்குகள் காணாமல் போகும்.

குரல் உடைவதால் மதிப்பெண் இழக்கும் ஊழியருக்கு ஸ்விட்ச் கமாண்டுகள் தெரியத் தேவையில்லை. அடுத்த முறை "நெட் நல்லாத்தானே இருக்கு" என்று பதில் வரும்போது அவர் ஒன்றைக் கேட்டால் போதும்: "11 மணிக்கு அப்லிங்க் போர்ட்டில் எத்தனை பாக்கெட் டிராப் ஆகுது?" அதற்கான எண் ஸ்விட்ச்சில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பார்க்காமல் அவருக்கு மதிப்பெண் போட யாருக்கும் தகுதி இல்லை.